முதியோர் இல்லம்: மறைத்துச் சேர்ப்பதா, பார்த்துத் தெரிவு செய்வதா?

பதுளை நகரிலும் பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவை, சில்மியாபுர போன்ற எமது ஊர்களிலும் அண்மைக் காலமாகத் தாழ்ந்த குரலில் பேசப்படும் விடயம் ஒன்று இருக்கின்றது. "இன்னாரின் மூத்தும்மாவைக் காணவில்லையே" என்று யாராவது விசாரித்தால் "கொழும்பில் மகளோடு இருக்கிறார்" என்று பதில் வரும். சில மாதங்கள் கழித்து ஜனாஸா அறிவித்தல் வரும்போதுதான் உண்மை வெளியாகும். அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது மகளின் வீட்டிலன்று. கம்பஹாவிலோ களுத்துறையிலோ உள்ள ஒரு முதியோர் இல்லத்தில்.

அந்தக் குடும்பங்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் நெருக்கடி இருக்கின்றது. ஆனால் வெட்கத்தால் நாம் செய்யும் மறைப்புக்கு விலை கொடுப்பவர் அந்த முதியவர்தான். ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தூர இடம் தேடுகின்றோம். தூரத்தில் இருப்பதால் நேரில் போய்ப் பார்க்காமல் தொலைபேசியில் பேசி முடிவெடுக்கின்றோம். யாரிடமும் சொல்லாததால், முன்னர் அங்கு ஒருவரைச் சேர்த்தவரின் அனுபவத்தையும் கேட்க முடிவதில்லை. சேர்த்த பின்னர் போய் வருவதும் குறைந்து விடுகின்றது. ஒரு ஸ்கூட்டர் வாங்க நான்கு பேரிடம் விசாரிக்கும் நாம், பெற்றவரையோ வளர்த்தவரையோ ஒப்படைக்கும் இடத்தைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை.

எண்கள் சொல்வது என்ன?

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்களில் 65 வயதைக் கடந்தோர் 7.9 வீதம். 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. 12 வருடங்களில் ஏற்பட்ட மாற்றம் இது. மொத்த சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் என்பதால், எட்டுப் பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்று சொல்லலாம்.

அதே காலத்தில் வீடுகள் வெறுமையாகி வருகின்றன. மூத்த மகன் கட்டாரில், இளையவன் கொழும்பில், மகள் கணவனின் ஊரில். வீட்டில் இருக்கும் மருமகள் ஆசிரியையாகவோ தாதியாகவோ வேலைக்குப் போகின்றாள். முன்பு ஒரே வளவுக்குள் சாச்சி, மாமி, ராத்தா என்று ஐந்து பெண்கள் மாறி மாறிச் செய்த பராமரிப்பு இன்று ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கின்றது. இதைப் பிள்ளைகளின் ஈமான் குறைந்து விட்டது என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

மார்க்கம் எங்கே நிற்கின்றது?

பெற்றோரைப் பற்றிய ஜும்ஆ பயான்களில் ஸூரதுல் இஸ்ராவின் 23ஆம் வசனம் ஓதப்படாமல் இருப்பது அரிது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சொல்லைக்கூட அந்த வசனம் தடுக்கின்றது. ஆகவே முதியோர் இல்லம் என்ற சொல்லே பலருக்கு ஹராமான ஒன்றாகக் கேட்கின்றது. ஆனால் ஒரு கேள்வி இருக்கின்றது. ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தனியே அறையில் பூட்டி வைப்பதும், பகலெல்லாம் நனைந்த விரிப்பில் விடுவதும், மருந்துக்கு நேரம் தவறுவதும் அந்த வசனத்துக்கு உட்பட்டவையா? சட்ட நிலையை உலமாக்கள் சொல்லட்டும். வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பதெல்லாம் கண்ணியம், வெளியே நடப்பதெல்லாம் புறக்கணிப்பு என்று கோடு போட முடியாது என்பது மட்டும் நடைமுறையில் எல்லோரும் காணும் உண்மை.

இயலாதவரை ஒரு நிறுவனம் பராமரிப்பது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்பதும் சரியன்று. 1284இல் மம்லூக் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மாரிஸ்தான், ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி நோயாளரைக் கால வரையறை இல்லாமல் பராமரிக்க வக்பு செய்யப்பட்டது. உஸ்மானியர் காலத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இஸ்தான்புலில் நிறுவிய தாருல் அஜஸா 1896இல் திறக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்கும் இயலாதோருக்குமான அந்த இல்லத்தின் வளவுக்குள் பள்ளிவாசல், தேவாலயம், யூத ஆலயம் மூன்றும் உண்டு. இன்றும் அது இயங்குகின்றது. வக்பு செய்த எமது முன்னோர் இதை வெட்கமாகக் கருதவில்லை. நன்றாக நடத்த வேண்டிய கடமையாகக் கருதினார்கள்.

சட்டத்தில் உள்ளதும் இல்லாததும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதைக் கடந்தவரை முதியவர் என்கின்றது. 2011இல் அது திருத்தப்பட்டது. பிள்ளைகள் வேண்டுமென்றே பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்றும், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவைப் பெறலாம் என்றும் அது கூறுகின்றது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றது.

ஆனால் சட்டம் பேசுவது பிள்ளைகளைப் பற்றி. பிள்ளை இல்லாத மாமிக்கு, திருமணம் செய்யாத பெரியப்பாவுக்கு, மருமக்களிடமிருந்து எதையும் கேட்கும் உரிமை அதில் கிடையாது. பிள்ளைகள் இல்லாத அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் வழங்குவது அரசின் பொறுப்பு என்கின்றது சட்டம். யாழ்ப்பாணத்துக் கைதடி இல்லம் போல அரச இல்லங்கள் நாட்டில் சிலவே உள்ளன. ஆகவே பிள்ளையற்ற உறவினரின் விடயம் குடும்பத்தில் மனச்சாட்சி உள்ள யாரோ ஒருவரின் கையில் வந்து நிற்கின்றது.

எங்கள் குடும்பத்தில் அது எனது கையிலும் நாநாவின் கையிலும் வந்தது. வாப்பாவின் மூத்த சகோதரியான மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. மாமாவும் மௌத்தாகி நீண்ட காலம். இடுப்பெலும்பு முறிந்த பிறகு தனியே எழுந்து வுழூச் செய்ய முடியாது. நான் தோட்டப் பாடசாலைக்கு விடியப் பஸ் ஏறினால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திரும்புவேன். நாநா கொழும்பில். மூன்று மாதங்களில் நான்கு இல்லங்களுக்குப் போனோம். அந்தத் தேடலில் கற்றவற்றை ஒரு பட்டியலாக வைத்திருக்கின்றேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே சொல்கின்றேன்.

போய்ப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

முதலில் பதிவு. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். இந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா, கடைசியாக எப்போது பார்வையிடப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள். பெயர்ப்பலகை பெரிதாக இருப்பது பதிவுக்கு ஆதாரமாகாது.

இரண்டாவது, இரவு. பகலில் போனால் எல்லா இடமும் ஒழுங்காகவே தெரியும். "இரவில் எத்தனை பேர் வேலை செய்கின்றார்கள்? அதில் பெண்கள் எத்தனை பேர்?" என்று கேட்டபோது ஓர் இடத்தில் நேரான பதில் கிடைக்கவில்லை. எமது பெண்களைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் பெண்களாக இருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே சொல்லி, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மலை. இதை வேறு மாவட்டத்தார் கேட்கத் தேவையில்லாமல் இருக்கலாம். நாம் கேட்டே ஆக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் பதுளை மாவட்டம் மீண்டும் அடிபட்டது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நடக்க முடியாத இருபது பேரை இரவில் யார் தூக்கிச் செல்வது, எந்த வாகனத்தில், எந்த இடத்துக்கு? கட்டடத்துக்குப் பின்னால் வெட்டப்பட்ட மண்மேடு இருக்கின்றதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அந்த இடத்தை எவ்வாறு வகைப்படுத்தியிருக்கின்றது? அழகான மலைக் காட்சி தெரியும் இல்லம் என்பது சரிவின் விளிம்பில் இருக்கும் இல்லமாகவும் இருக்கலாம்.

நான்காவது, சமையலறையும் தொழுகையும். எமது மாவட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் இல்லங்களைப் பெரும்பாலும் பௌத்த, கிறிஸ்தவ, பொதுநல அமைப்புகளே நடத்துகின்றன. அதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் ஹலால் உணவு பற்றிய பேச்சைச் சங்கடப்பட்டுத் தவிர்க்கக் கூடாது. மரக்கறியும் மீனும் போதும், தனிப் பாத்திரம் ஒன்று தந்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னால் பலர் ஏற்றுக்கொள்கின்றார்கள். றமழானில் நோன்பு நோற்க முடியுமா என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். நோற்பவருக்கு ஸஹர் உணவு தரும் ஏற்பாடு உண்டா என்பதை இல்லம் சொல்ல வேண்டும். மாமியிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி "அங்க கிப்லா எந்தப் பக்கம்?" என்பதுதான்.

ஐந்தாவது, மொழி. பதுளை பஸாரில் வளர்ந்த எமது மூத்தவர்கள் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் மறதி நோய் முற்றும்போது பலர் பின்னாளில் கற்ற மொழியை விட்டுத் தாய்மொழிக்கே திரும்பி விடுவார்கள். தாகம் என்று தமிழில் சொன்னால் விளங்கிக்கொள்ள ஒருவராவது ஒவ்வொரு வேலை முறையிலும் இருக்கின்றாரா என்று பாருங்கள்.

ஆறாவது, பணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். முற்பணம் திரும்பக் கிடைக்குமா? பம்பர்ஸ், மருந்து, வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லும் வாகனம், அங்கே துணைக்கு நிற்பவரின் செலவு ஆகியவை தனியா? நிலைமை மோசமானால் வைத்திருப்பார்களா, அல்லது அழைத்துச் செல்லுங்கள் என்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மிக முக்கியமானது.

ஏழாவது, மௌத்து. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில், தமது உடல் என்ன ஆகும் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள் எமது முதியவர்கள். அந்தப் பயம் இன்னும் அவர்களுக்குள் இருக்கின்றது. மரணம் நிகழ்ந்தால் எந்த நேரமானாலும் யாருக்கு முதலில் அறிவிக்க வேண்டும், எந்தப் பள்ளிவாசலின் ஜனாஸா வாகனம் வரும், எந்த மையவாடியில் அடக்கம் என்பவற்றை எழுதிக் கோவையில் வைக்கச் சொல்லுங்கள். அதை முதியவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மாமியின் முகம் தெளிந்தது அந்தத் தாளைக் கண்ட பிறகுதான்.

எட்டாவது, அவருடைய விருப்பம். முடிவெடுத்துவிட்டு அறிவிப்பது வேறு, முடிவெடுக்கும்போது கேட்பது வேறு. நான்கில் இரண்டு இடங்களை மாமியையும் அழைத்துச் சென்று காட்டினோம். நாங்கள் விரும்பிய புதிய கட்டடத்தை அவர் வேண்டாம் என்றார். வெளியே வாங்கு போட்டு வயதானவர்கள் கதைத்துக்கொண்டிருந்த பழைய வீட்டைத் தெரிவு செய்தார். எமது வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். ஞாயிறு தோறும் நான் போகின்றேன். முன்னறிவித்தல் இல்லாமல் வேறு நாட்களிலும் போவேன். அப்படிப் போவதை அங்குள்ளோர் விரும்புகின்றார்களா, முகம் சுளிக்கின்றார்களா என்பதே ஓர் இல்லத்தை அளக்க நான் கண்ட நல்ல அளவுகோல்.

தெரிவே இல்லாதவர்கள்

இவ்வளவும் கேட்பதற்கு எங்களுக்கு ஒரு சம்பளமும் ஒரு சொந்த வீடும் இருந்தன. நான் படிப்பிக்கும் தோட்டத்தில் அந்தத் தெரிவு யாருக்கும் இல்லை.

நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பாட்டிமார் ஊழியர் சேமலாப நிதியை எடுத்ததும், அது மகளின் திருமணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடும். லயக் காம்பரா அவர்களுக்குச் சொந்தமன்று. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். மலையில் மிச்சமிருக்கும் மகள் அம்மாவைப் பார்க்க ஒரு நாள் வீட்டில் நின்றால் நாட்சம்பளம் போகும். 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவான அந்தச் சம்பளத்தை 1,550 ரூபாவாக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா ஊக்குவிப்பு வழங்கவும் 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. மொத்தம் 1,750 ரூபா. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளின் இழப்பும் அதனோடு சேர்ந்தே கூடுகின்றது. 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 1,750 ரூபாக் கணக்கில் அது மூன்று நாள் சம்பளத்துக்கும் குறைவு.

ஆகவே தோட்டத்தில் பிள்ளைகளே பராமரிப்பாளர்களாகின்றார்கள். எனது வகுப்பில் ஒரு மாணவி கிழமையில் இரண்டு நாள் வருவதில்லை. விசாரித்தால் பாட்டியைப் பார்த்துக்கொள்கின்றாள். முதியோர் பராமரிப்பு என்பது பாடசாலை வரவுப் பதிவேட்டிலும் தெரியும் பிரச்சினை என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இதற்கான வழியும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது. தாய்மார் மலைக்குப் போவதற்காகத் தோட்டந்தோறும் பிள்ளைக் காம்பரா நீண்ட காலமாக நடக்கின்றது. கைக்குழந்தையைப் பார்க்க ஒரு கட்டடமும் ஓர் ஆயாவும் வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட தோட்ட நிர்வாகம், படுக்கையில் இருக்கும் பாட்டிக்கும் அதே ஏற்பாட்டை ஏன் செய்ய முடியாது? முதியோருக்கான பகல்நேர நிலையங்களை அமைப்பது தேசிய முதியோர் செயலகத்தின் வேலைத்திட்டங்களில் ஏற்கெனவே உள்ளதுதான். அது நகரத்தோடு நின்றுவிடாமல் மலைக்கும் ஏற வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்தோடும் காணியோடும் சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

பள்ளிவாசல்கள் என்ன செய்யலாம்?

எமது ஊர்களுக்கும் இதே யோசனை பொருந்தும். குர்ஆன் மத்ரஸா மண்டபங்கள் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலை வேளையில் பூட்டியே கிடக்கின்றன. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை அங்கே பத்து முதியவர்கள் கூடி இருக்கலாம். ஒரு பிளேன்டீ, இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், ழுஹர் ஜமாஅத். இது கிடைத்தால் பல குடும்பங்களுக்கு இல்லம் தேடும் தேவையே வராது.

பராமரிப்பாளர் பயிற்சி பெற்ற எமது நாட்டு இளைஞர் யுவதிகள் ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் போய் அங்குள்ள முதியவர்களைப் பார்க்கின்றார்கள். அந்தப் பயிற்சியை ஊரில் உள்ள சில பெண்களுக்கு வழங்கி, வீடுகளுக்குச் சென்று குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் சேவைக்கு நியாயமான சம்பளம் கொடுக்க ஊர்த் தனவந்தர்கள் முன்வரலாம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல்களில் கடை வாடகை வருமானம் உள்ளவை இருக்கின்றன. அதன் ஒரு பங்கை இதற்கென ஒதுக்க முடியுமா என்று நிர்வாகங்கள் உலமாக்களோடு ஆலோசிக்கட்டும்.

இல்லத்தில் இருப்பவர்களுக்கும் செய்ய ஒரு வேலை உண்டு. மாவட்டத்தில் எந்த எந்த இல்லத்தில் எமது முதியவர்கள் இருக்கின்றார்கள் என்ற விபரத்தைப் பள்ளிவாசல் எடுத்து, கிழமைக்கு இரண்டு பேரை அனுப்பி ஸலாம் சொல்லி வரச் செய்யலாம். நோயாளியைச் சுகம் விசாரிப்பது ஸுன்னத் என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கின்றோம். வைத்தியசாலைக் கட்டிலோடு அந்த ஸுன்னத் முடிந்துவிடுவதில்லை. பார்க்க ஆள் வருகின்றது என்று தெரிந்த முதியவரை எந்த இல்லமும் கவனமாகவே நடத்தும்.

ஆனால் விபரம் எடுக்க வேண்டுமானால் குடும்பங்கள் வாய் திறக்க வேண்டும். வாய் திறக்க வேண்டுமானால் ஊர் அவர்களை ஏச்சுக்கு இழுக்காமல் இருக்க வேண்டும். அடுத்த முறை ஒருவர் "உம்மாவை இல்லத்தில் சேர்த்திருக்கிறோம்" என்று சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டாம். எந்த இடம், எப்படிப் பார்க்கின்றார்கள், நாங்களும் ஒரு நாள் போய் வரலாமா என்று கேட்போம்.